பிஸ்கட் டின்னில் ஒரு நடனப்பள்ளி

கடந்த ஆண்டு நவம்பரில் அக்கா ஃபோன் செய்தாள். அவளுக்குப் பரதம் சொல்லிக்கொடுத்த டீச்சர் வீட்டை விற்றுவிட்டு மெல்பர்னில் இருக்கும் மகனிடம் போகப்போகிறார் என்றாள். "முப்பது வருஷத்துக்கு மேல கிளாஸ் நடத்தியிருக்காங்க. அப்படியே மறைஞ்சு போயிடக்கூடாது. நீ எப்பவும் கம்ப்யூட்டரும் கையுமாத்தானே இருக்க. விக்கிப்பீடியாவுல டீச்சரோட பள்ளியப் பத்தி ஒரு பக்கம் போட்டு விடேன்."

நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். கம்ப்யூட்டர் ஆள் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் பொறியாளர் என்றால் பிரிண்டரிலிருந்து ஆஸ்ட்ரோ டப்பா வரை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தை நான் எழுதவில்லை. எழுத நேரமில்லாமல் இல்லை. எழுதினால் அது நிற்காது என்பதும், நிற்காமல் போவது நியாயம்தான் என்பதும் எனக்கே புரிந்துபோனதுதான் காரணம். அந்தப் புரிதலுக்கு வந்த வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

டீச்சர் வீடு ஜொகூரில் எங்கள் தாமானிலிருந்து இரண்டு சாலை தள்ளி இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரை போட்டு, சிமெண்டுத் தரைக்கு மேல் ஓடு பதித்து, அதுதான் வகுப்பு. சுவரோரம் ஒரு நடராஜர். நான் போனபோது ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "எங்கிட்ட இருக்குறது இவ்வளவுதான் தம்பி. ஃப்ளைட்டுல முப்பது கிலோதான் விடுறாங்க. நீயே எடுத்துக்க."

டின்னில் இருந்தவை: அழைப்பிதழ்கள் இருபத்துச் சொச்சம். அரங்கேற்ற மலர்கள் ஆறு. சங்கப் பதிவிலாகாவின் கடிதம் ஒன்று. புகைப்படங்கள். பத்திரிகைத் துணுக்குகள் பதினொன்று.

பத்திரிகைத் துணுக்குகளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். பதினொரு ஆதாரம், போதாதா என்ன! ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: ஒரு பிரமுகர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். கீழே அவர் பெயர், அவர் பேச்சு, கோயில் தலைவர் பெயர், மண்டபத்துக்குக் காசு கொடுத்தவர் பெயர், நன்கொடை எத்தனை ரிங்கிட் என்ற விவரம். கடைசி வரி: "மாணவிகளின் நடனம் அனைவரையும் கவர்ந்தது." பதினொன்றிலும் அப்படித்தான். என்ன ஆடினார்கள், யார் ஆடினார்கள், நட்டுவாங்கம் யார், பாட்டு யார் என்பது ஒன்றில்கூட இல்லை. பாதித் துணுக்குகளில் பத்திரிகையின் பெயரும் தேதியும் கத்தரிக்கோலோடு போய்விட்டன.

விதி என்ன சொல்கிறது

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்கள் கூடக் கூட, எதற்குத் தனிப்பக்கம் கொடுப்பது என்ற சண்டையும் கூடியது. அதிலிருந்து மெல்ல உருவான அளவுகோலைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் 'குறிப்பிடத்தக்கமை' என்று சொல்கிறார்கள்.

அதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. ஓர் அமைப்பைப் பற்றி அந்த அமைப்போடு சம்பந்தமில்லாதவர்கள் எழுதியிருக்க வேண்டும். அது நம்பத்தக்க இடத்தில் வெளியாகியிருக்க வேண்டும். போகிற போக்கில் பெயரைச் சொன்னால் போதாது, ஆழமாக எழுதியிருக்க வேண்டும். அதுவும் ஒரே ஒருவர் எழுதினால் பற்றாது, பலர் எழுதியிருக்க வேண்டும். அமைப்பின் சொந்த மலர், இணையப்பக்கம், பத்திரிகைக்கு அனுப்பிய அறிக்கை, நிகழ்ச்சி அறிவிப்பு எதுவும் கணக்கில் வராது. 2018இல் ஆங்கில விக்கிப்பீடியா, நிறுவனங்களுக்கும் அமைப்புகளுக்குமான விதியை இன்னும் இறுக்கியது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. கம்பெனிகள் காசு கொடுத்து ஆள் வைத்துத் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. ஆனால் அந்த வலையில் கார் ஷெட்டில் பரதம் சொல்லிக்கொடுக்கிற டீச்சரும் சேர்த்துத்தான் விழுகிறார். லாபத்துக்கு விளம்பரம் தேடும் கம்பெனிக்கும், மாதம் நாற்பது வெள்ளி வாங்கிக்கொண்டு அதிலும் பாதிப் பேரிடம் வாங்காமல் விட்ட ஒருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே கேள்வித்தாள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருஷம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். இது 'குறிப்பிடத்தக்கது' இல்லையென்றால் வேறு எது? உலகத்தில் எந்த மூலையிலோ ஒரு கால்பந்து ஆட்டத்தில் இறங்கியவனுக்கெல்லாம் பக்கம் இருக்கிறதே!

அந்தக் கால்பந்துக் கோபம்தான் எனக்கு ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. உண்மையில் 2022 வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் அப்படி ஒரு வழிகாட்டுதல் இருந்தது. முழுநேரத் தொழில்முறை லீக் ஒன்றில் ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்தாலும் அந்த வீரர் குறிப்பிடத்தக்கவர் என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் சலுகை ஏன் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அந்த மாதிரி லீக்கில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நிருபர் இருப்பார். யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டான், யார் பந்தைத் தவறவிட்டான், யார் மாற்று ஆட்டக்காரனாக இறங்கினான் என்று எழுதுவார். ஆட்டம் நடந்தால் பதிவும் இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட விதி அது. எங்கள் மண்டபத்துக்கு வந்த நிருபரோ குத்துவிளக்கோடு கிளம்பிவிட்டார்.

என் வேலையிலும் இதே கதைதான். ஐஎஸ்ஓ தணிக்கைக்கு வருகிறவர் மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபைலைக் கேட்பார். "செஞ்சோம் சார்" என்று சொன்னால், "ரெக்கார்டு எங்கே?" என்பார். ரெக்கார்டு இல்லையென்றால் செய்யவில்லை என்றே எழுதிக்கொள்வார். அவர் நம்மைப் பொய்யன் என்று சொல்லவில்லை. தன்னால் சரிபார்க்க முடியாததைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

இந்த விதி பெரியவர்களையும் தடுக்கிவிட்டிருக்கிறது. கனடாவின் டோனா ஸ்ட்ரிக்லண்ட் 2018 அக்டோபரில் இயற்பியல் நோபல் பெற்றார். அதே ஆண்டு மே மாதம் அவரைப் பற்றிய ஒரு வரைவை, போதிய ஆதாரம் இல்லையென்று ஆங்கில விக்கிப்பீடியா திருப்பி அனுப்பியிருந்தது. பரிசு அறிவித்த பிறகுதான் பக்கம் வந்தது. அவருடைய ஆராய்ச்சி அந்த ஐந்து மாதத்தில் மாறவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஆக, இந்த விதி தகுதியை அளக்கிற கருவி இல்லை. பிறர் கவனித்து எழுதியதை அளக்கிற கருவி. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதால்தான் "டீச்சருக்குத் தகுதியில்லையா?" என்று கோபம் வருகிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

அப்படியென்றால் நம் வட்டாரத்தில் எந்த நடன அமைப்புக்கு ஆதாரம் கிடைக்கும்? ஒரு சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் தேசிய நூலகத்துக்குப் போனேன். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு உட்பட பழைய நாளிதழ்களை அவர்கள் மின்னுருவாக்கி வைத்திருக்கிறார்கள். போனது டீச்சரைத் தேடி. கிடைத்தது வேறொரு கதை.

கேரளத்தில் பிறந்த கே. பி. பாஸ்கர் 1952இல் சிங்கப்பூரில் நடனப்பள்ளி தொடங்கினார். அப்போது அதுவும் 'சின்ன' அமைப்புதான். காலனி ஆட்சி இன்னும் போகாத ஒரு துறைமுக நகரத்தில் கதகளியும் பரதமும் கற்றுக்கொள்ள எத்தனை பேர் வந்திருப்பார்கள்? 1955இல் அவரை மணந்து சாந்தா பாஸ்கர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 1958இல் அவர் ஒரு காரியம் செய்தார். லியாங் ஷான்போ, சூ யிங்தாய் என்ற சீனக் காதலர்களின் கதையை, கடைசியில் வண்ணத்துப்பூச்சிகளாக மாறிவிடுகிற அந்தக் கதையை, பரதநாட்டியமாக அமைத்தார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கும் தெரிந்த கதை அது. ஆனால் ஆடியது நம் முத்திரையில்.

காலமும் தோதாக அமைந்தது. 1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. அந்த ஆகஸ்ட்டிலேயே பூமலையில் 'அனேகா ராகம் ராயாட்' என்ற மக்கள் கலை நிகழ்ச்சியை அரசாங்கம் தொடங்கியது. ஒரே மேடையில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆட்டங்கள். 'மலாயாப் பண்பாடு' என்று ஒன்று வேண்டும் என்று அரசியல்வாதிகள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கேட்காமலேயே அதைச் செய்து வைத்திருந்தவர்களில் ஒருவர் சாந்தா. அந்த மாதிரிக் கலைஞர்களைப் பற்றி எழுத ஆங்கிலப் பத்திரிகைகளுக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

அதற்குப் பிறகு அரசாங்கமே பதிவாளர் வேலையையும் எடுத்துக்கொண்டது. கலாசாரப் பதக்கம் 1979இல் தொடங்கியபோது முதல் ஆண்டே நடனத்துக்காக மாதவி கிருஷ்ணன் பெற்றார். 1989இல் நீலா சத்தியலிங்கம், 1990இல் சாந்தா பாஸ்கர். நீலா கொழும்பில் பிறந்து, சென்னை கலாக்ஷேத்திராவில் படித்து, 1974இல் சிங்கப்பூருக்கு வந்தவர். கணவர் சத்தியலிங்கத்தோடு சேர்ந்து 1977இல் அப்ஸராஸ் ஆர்ட்ஸைத் தொடங்கினார். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கியதும் அதே 1979இல்தான். பிற்பாடு அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், இலக்கியத்தில் தொடங்கி நாடகம், இசை, நடனம் என்று விரிந்தது. சாந்தா 2022இல் மறைந்தபோது அவரைப் பற்றி எழுத வந்தவர்களுக்கு எடுத்துப் பார்க்க ஏதோ இருந்தது.

இதைச் சொல்வதால் பாஸ்கர் தம்பதியரும் நீலாவும் செய்த வேலையைக் குறைத்துவிட முடியாது. வேலை இல்லாமல் பதிவு வராது. ஆனால் வேலை மட்டும் இருந்தாலும் பதிவு தானாக வந்துவிடாது. அதற்குப் பத்திரிகை வேண்டும், நூலகம் வேண்டும், விருது கொடுக்கிறவர்கள் வேண்டும், அதைப் பாதுகாக்கக் காசு வேண்டும். ஒரு நகரமே சேர்ந்து தூக்கிய பாரம் அது.

இந்தப் பக்கம்

மலேசியாவிலும் விதியைத் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இன்று பல நகரங்களில், பல நாடுகளில் இருக்கிறது. ரம்லி இப்ராஹிம் 1983இல் சூத்ராவை நிறுவினார். காஜாங்கில் பிறந்த மலாய்க்காரர். ஆஸ்திரேலியாவில் இயந்திரவியல் பொறியியல் படித்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம். பாலே ஆடி, அடையாறு லட்சுமணனிடம் பரதமும் தேபபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்று, கோலாலம்பூரில் ஒடிசியை நட்டு வளர்த்தார். 2018இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. ஒடிசி இந்த நாட்டில் எவ்வளவு சிறிய வட்டம்! ஆனாலும் சூத்ராவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாராட்டியும் எழுதினார்கள், முரண்பட்டும் எழுதினார்கள். எனவே வட்டம் சிறியது என்பது தடை இல்லை. அந்த வட்டத்துக்கு வெளியே நின்று ஒருவர் பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

தலைநகருக்கு வெளியே வந்தால் கதை மாறுகிறது. தைப்பிங்கோ குளுவாங்கோ, ஊருக்கு ஒரு டீச்சராவது இருந்திருப்பார். அவர்கள் பெயர் எங்காவது அச்சில் வந்திருந்தால் அது தமிழ் நாளிதழ்களில்தான் வந்திருக்கும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. முரசைத் தேடியதுபோல வீட்டில் உட்கார்ந்தபடி நேசனைத் தேடும் வசதி எனக்குக் கிடைக்கவில்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரே அலாரிப்பு, ஒரே ஜதி. தேடினால் கிடைப்பது மட்டும் ஒரு பக்கத்தில்தான்.

இது இந்தியர் பிரச்சினை மட்டும் இல்லை. மக் யோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிளந்தானில் 1990களில் பொதுமேடையில் அதற்குத் தடை விதித்தார்கள். 2005இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் அரிய மரபு என்று அறிவித்தது. 2019இல்தான் மாநிலம் நிபந்தனைகளோடு தடையைத் தளர்த்தியது. இன்று மக் யோங் என்ற கலைக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டு. தடை இருந்த அத்தனை வருஷமும் கிராமத்தில் அதை உயிரோடு வைத்திருந்த சிறு குழுக்களுக்கு அப்படி ஒரு பக்கம் கிடைப்பது கஷ்டம். கலைக்கு வரலாறு எழுதுவோம், அதைச் சுமந்த குழுவை மறந்துவிடுவோம்.

பரதத்துக்கே இது பழைய கதைதான். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திராவுக்கு வளாகம் உண்டு, பாடத்திட்டம் உண்டு, ஆவணம் உண்டு. ருக்மிணி தேவிக்குச் சொல்லிக்கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் இசை வேளாளர் குடும்பங்களில் வீட்டுத் திண்ணையிலும் கோயிலிலும் அதே வித்தையைக் கைமாற்றிக் கொடுத்த எத்தனையோ பேருக்கு அலுவலகமும் கிடையாது, பதிவேடும் கிடையாது. 1947இல் தேவதாசி முறையை ஒழித்த சென்னை மாகாணச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பெண்களில் பலர் தங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசவே தயங்கினார்கள். நிறுவனமாக மாறியவர்கள் வரலாற்றில் நின்றார்கள். கலைக்களஞ்சியம் இந்தக் கோணலை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே கோணலாக இருந்ததை அப்படியே படியெடுக்கிறது.

ஜூன் 14, சனிக்கிழமை

டின்னில் இருந்த பழைய அழைப்பிதழ்களில் ஒன்று பள்ளியின் ஆண்டு விழாவுக்கானது. 'ஜூன் 14, சனிக்கிழமை, மாலை மணி 7.00' என்று போட்டிருக்கிறது. ஆண்டு போடவில்லை. யாருக்கும் தெரியாதா என்ன என்று நினைத்திருப்பார்கள்.

நாள்காட்டிக் கணக்கு போட்டேன். ஜூன் 14 சனிக்கிழமையில் வந்த ஆண்டுகள் 1986, 1997, 2003, 2008. வகுப்பு தொடங்கியது 1991 என்று டீச்சர் சொல்கிறார், எனவே 1986 இல்லை. அதே உறைக்குள் விழாவின் புகைப்படம் ஒன்று இருந்தது. மேடையில் ஏழெட்டுச் சிறுமிகள். இடது ஓரத்தில் அக்கா. சிரிக்கிறாள், முன்பல் இரண்டும் இல்லை. அக்கா பிறந்தது 1990. ஆக 1997. இன்னொரு படம் பார்வையாளர் பக்கம் எடுத்தது. மூன்றாவது வரிசையில் அம்மா. மடியில் ஐந்து மாதக் குழந்தை, வாயைத் திறந்து அழுகிறது. அது நான்.

இது எனக்கு முழு நிச்சயம். எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்வேன். ஆனால் விக்கிப்பீடியாவில் இதை எழுத முடியாது. வேறெங்கும் வெளிவராத சொந்த ஆய்வை அங்கே போடக்கூடாது என்பது அடிப்படை விதி. நாள்காட்டியையும் அக்காவின் பல்லையும் வைத்து நான் கண்டுபிடித்த ஆண்டு, யாராவது ஒருவர் வேறோர் இடத்தில் வெளியிடும்வரை கலைக்களஞ்சியத்துக்குச் செல்லாத காசு.

இந்தச் சிக்கலை அவர்களும் உணராமல் இல்லை. 2011இல் அச்சல் பிரபாலாவும் இன்னும் சிலரும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு சோதனை செய்தார்கள். புத்தகத்தில் ஏறாத கிராம விளையாட்டுகள், சடங்குகள் முதலியவற்றைப் பற்றித் தெரிந்தவர்களிடம் பேசி, ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே ஆதாரமாகக் காட்டுவது. மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபேடி ஆகிய மொழிகளில் செய்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவின் பொதுவிதியாக அது மாறவில்லை. எதிர்த்தவர்கள் கேட்டதும் நியாயமான கேள்வி: ஒலிப்பதிவில் சொன்னது சரியா என்று யார் சரிபார்த்தது?

எனக்கே அதற்கு உதாரணம் கிடைத்தது. டீச்சரிடம் நாலு மணி நேரம் பேசி ஃபோனில் பதிவு செய்தேன். எத்தனையோ சொன்னார். 90களில் பாட்டுக்காரர்களைக் கூப்பிடக் காசில்லாமல் கேசட் போட்டுத்தான் எல்லா நிகழ்ச்சியும். ஒரு தடவை வர்ணம் நடுவே டேப் சிக்கிக்கொண்டது. அக்காவுக்கு மூத்த ஒரு மாணவி நிற்காமல் ஆடினாள், டீச்சர் மேடை ஓரத்திலிருந்து வாயாலேயே ஜதி சொல்லி முடித்தார். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்காக வகுப்பைப் பஸ் நேரத்துக்கு மாற்றினார். சலங்கை வாங்க முடியாதவர்களுக்கு மூத்த மாணவிகளின் சலங்கையே கைமாறியது. ஒரே ஜோடி நாலு பேர் காலில் இருந்திருக்கிறது. இதெல்லாம் வரலாறு. ஜொகூரில் ஒரு தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணுக்குப் பரதம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதன் வரலாறு. ஆனால் டேப் சிக்கியது எந்த ஆண்டு என்று கேட்டபோது முதலில் 1999 என்றார், அரை மணி நேரம் கழித்து 2002 என்றார். ஒரு மலரில் தேடிப் பார்த்தேன். அந்த மாணவியின் அரங்கேற்றம் 1998. "அப்படின்னா அதுக்கும் முன்னாடியா இருக்கும் தம்பி," என்று சிரித்தார்.

பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று டீச்சரே கேட்டார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்களைத் தெரிந்துகொள்ளலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என்னை எதுக்குய்யா? மிருதங்கம் வாசிச்சவரு ஒருத்தரு தமிழ்நாட்டுலருந்து வந்து மூணு மாசம் இங்கேயே தங்கி வாசிச்சாரு. மலர்ல அவர் பேரத் தப்பா அடிச்சிட்டாங்க. அத மட்டும் எங்கயாவது சரியா போட முடியுமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

யார் எழுதியிருக்க வேண்டும்

சின்ன நடன அமைப்புகளுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் கொடுக்கலாமா? நாலு மாதத்துக்குப் பிறகு என் பதில் இது. சின்னது என்பதற்காக மறுக்கக்கூடாது. நல்லது என்பதற்காகக் கொடுத்துவிடவும் முடியாது. வெளியே நின்ற ஒருவர் பார்த்து, அது எதை மாற்றியது என்று விளக்கி எழுதியிருந்தால் கொடுக்கலாம். டீச்சர் பள்ளிக்கு இன்றைக்கு அது இல்லை. நானே ஒரு பக்கம் எழுதி, அதை நீக்கலாமா என்று விவாதம் வந்தால், நேர்மையாக இருந்தால் நான் நீக்கத்தான் சொல்ல வேண்டும்.

விதியின் பெயரைச் சொல்லிச் சோம்பேறித்தனம் செய்வதும் நடக்கலாம். கூகளில் ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்து, ஒன்றும் வரவில்லை, ஆகவே ஆதாரம் இல்லை என்று முடித்துவிடுவது. ஆதாரம் எந்த மொழியில் இருந்தாலும் செல்லும் என்றுதான் விதி சொல்கிறது. தேடுகிறவருக்குத் தமிழ் தெரியாமல் போவது நம் தவறில்லை. அங்கே போய்ச் சண்டை போட வேண்டியதுதான். ஆனால் சண்டை போடக் கையில் ஒரு கட்டுரையாவது வேண்டுமே!

அங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். ஒரு நாவல் வந்தால் இங்கே நாலு பேர் திட்டியாவது எழுதுகிறார்கள். அரங்கேற்றத்துக்கு? அழைப்பிதழ் வரும், மொய் வைப்போம், சாப்பிடுவோம், "ரொம்ப நல்லா ஆடுனா" என்போம். அவள் தில்லானாவில் தாளம் தப்பினாளா, டீச்சரின் பாணி எந்த வழியில் வந்தது, இந்த ஊர் மேடைக்காக எதை மாற்றினார் என்று எழுத ஆள் இல்லை. எழுதினால் மனசு நோகும் என்ற பயம் வேறு. யாரையும் நோகடிக்காத செய்தியைத்தான் முப்பது வருஷமாக அச்சடித்தோம். அது இன்று யாருக்கும் ஆதாரமாக நிற்கவில்லை.

செய்யக்கூடியது சில உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் தனிப்பக்கம் கேட்பதைவிட, 'மலேசியாவில் பரதநாட்டியம்' என்று ஒரு நல்ல வரலாற்றைப் பலர் சேர்ந்து எழுதலாம். அதில் டீச்சருக்கு ஒரு பத்தி, ஒரு வரியாவது நியாயமாகக் கிடைக்கும். தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து இருக்கிறது, ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. விவாதிக்க அங்கே 'ஆலமரத்தடி' என்றே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். 2022இல் தொடங்கிய தமிழ் விக்கி, ஆசிரியர் குழு சரிபார்த்து வெளியிடும் கலைக்களஞ்சியம். இரண்டுக்கும் பசி நிறைய. போட நம்மிடம் சோறு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

டீச்சர் ஜனவரியில் கிளம்பிவிட்டார். டின் என் அறையில் இருக்கிறது. மலர்களையும் அழைப்பிதழ்களையும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில் ஆண்டு எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மிருதங்கக்காரரின் சரியான பெயரை டீச்சர் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், அதுவும் உள்ளே இருக்கிறது.

இந்தக் கட்டுரையையே ஆதாரமாகக் காட்டிப் பக்கம் போட்டுவிடலாமே என்று அக்கா கேட்டாள். முடியாது. அவள் அந்தப் பள்ளியின் மாணவி, நான் அவள் தம்பி, மூன்றாவது வரிசையில் அழுத குழந்தையும் நான்தான். நான் வெளியாள் இல்லை. பள்ளியின் பெயரை இங்கே சொல்லாமல் விட்டதற்கும் அதுதான் காரணம். டீச்சரோடு எந்த உறவும் இல்லாத, பரதம் தெரிந்த, தமிழில் எழுதுகிற ஒருவர் வேண்டும். டின்னைத் திறந்து பார்த்து, நல்லதென்றால் நல்லது என்றும் இல்லையென்றால் இல்லை என்றும் எழுத வேண்டும். ஜொகூர்ப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். டின்னை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.